'அடுத்தது' எந்தப் பட்டியலின் அடுத்தது? எடிட்டர் வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

உரைதிருத்தி (எடிட்டர்) மென்பொருள்களை வடிவமைத்துப் பராமரிக்கும் குழுவினருக்கும், அவற்றுக்கு நீட்சிகள் எழுதித் தரும் அன்பர்களுக்கும் வணக்கம்.

நிரல் எழுதும் நாங்கள் ஒரு நாளில் எத்தனை முறை அழுத்துகிறோம் என்று எண்ணிப் பார்க்காத விசை ஒன்றைப் பற்றியது இம்மடல். 'அடுத்த பிழைக்குப் போ' என்பதே அந்த விசையின் வழியாக நாங்கள் இடும் கட்டளை. நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கம்பைலர் கொட்டிவைத்த பிழைச்செய்திகளையோ, கோப்புகளில் சொல் தேடும் கிரெப் கருவி தந்த வரிகளையோ ஒவ்வொன்றாக எடுத்து, அது சுட்டும் கோப்பைத் திறந்து, உரிய வரியில் கர்சரைக் கொண்டுபோய் நிறுத்துவது அதன் வேலை. பார்வைக்கு எளிய வேலைதான். ஆனால் 'அடுத்த' என்ற சொல் தனித்து நிற்கும்போது பொருள் தருவதில்லை. எந்த வரிசையில், எதற்கு அடுத்தது என்று தெரிந்தால்தான் அது பொருள்படும். அந்த வரிசை எது என்று முடிவு செய்யும் உரிமை பயனருக்குரியது என்றும், எடிட்டர்கள் பலவும் அவ்வுரிமையைப் பயனர் அறியாமலே தம் கையில் எடுத்துக்கொள்கின்றன என்றும் நான் கருதுவதால் இதை எழுதுகிறேன்.

இந்த வசதி தோன்றிய நாளில் இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. அமிகா கணினியில் ஓடிய மேங்க்ஸ் நிறுவனத்தின் ஆஸ்டெக் சி கம்பைலரில் 'குவிக்ஃபிக்ஸ்' என்றொரு தெரிவு இருந்தது. தன் குவிக்ஃபிக்ஸ் முறைக்கு அதுவே தூண்டுதல் என்று விம் எடிட்டரின் ஆவணமே குறிப்பிடுகிறது. ஒரு கம்பைலர், ஒரு பிழைப்பட்டியல், திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்வது என்ற ஒற்றைச் சுழற்சி. அவ்வளவுதான் அன்றைய உலகம். ஈமாக்ஸ் என்ற எடிட்டர் இதைப் பொதுமையாக்கியது. அதன் நெக்ஸ்ட்-எரர் கட்டளை கம்பைலர் வெளியீட்டோடு நின்றுவிடாமல் கிரெப், திறந்த உரைக்குள் தேடும் அக்கர், இரு உரைகளின் வேறுபாட்டைக் காட்டும் டிஃப் போன்றவற்றின் பஃபர்களிலும் (எடிட்டருக்குள் உரையைத் தாங்கும் இடங்கள்) நடக்கும். எந்த பஃபரும் 'நெக்ஸ்ட்-எரர்-ஃபங்க்ஷன்' என்ற மாறியில் தனக்குரிய செயற்கூறு (ஃபங்க்ஷன்) ஒன்றை வைத்துக்கொண்டால் போதும், அதுவும் இவ்வட்டத்தில் சேர்ந்துவிடும். அருமையான பொதுமை அது. வினையும் அங்கேதான் தொடங்கியது: யார் வேண்டுமானாலும் 'அடுத்தது' தர முடியும் என்று ஆனவுடன், இப்போது தருவது யார் என்ற கேள்வி பிறந்துவிட்டது.

அன்றாடம் நேரும் நிலைமை ஒன்றைச் சொல்கிறேன். கம்பைலர் 14 பிழைகளைத் தருகிறது. மூன்றைத் திருத்திவிட்டு நான்காவதற்கு வருகிறேன்; அங்கே ஒரு செயற்கூற்றின் அளபுருக்கள், அதாவது அதற்குத் தரும் உள்ளீடுகள், மாறியிருப்பது தெரிகிறது. வேறு எங்கெல்லாம் அதை அழைத்திருக்கிறார்கள் என்று பார்க்க கிரெப் ஓட்டுகிறேன். 30 வரிகள் வருகின்றன. முதல் இரண்டைப் பார்த்ததுமே விஷயம் விளங்கிவிடுகிறது. நான்காவது பிழையைத் திருத்திவிட்டு ஐந்தாவதற்குப் போவதாக எண்ணி விசையை அழுத்துகிறேன். எடிட்டர் என்னைக் கிரெப்பின் மூன்றாவது வரிக்குக் கொண்டுபோகிறது. பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். சலித்துக்கொண்டு கம்பைலர் பஃபருக்குத் திரும்பி, விட்ட இடத்தைக் கண்ணால் தேடி, அதன்மேல் என்டர் அழுத்துவேன்.

ஒருநாள் தெரியாமல் போயிற்று. கிரெப் கொண்டுவந்து நிறுத்திய வரி, பிழையுள்ள வரியைப் போலவே இருந்தது; ஒரே செயற்கூற்றை அழைக்கும் இரு வரிகள் வேறு எப்படி இருக்கும்? ஐந்தாவது பிழைக்கு வந்துவிட்டதாகவே எண்ணி, சரியாக இருந்த அழைப்பை மாற்றினேன். அளபுருவின் வகை பொருந்தியதால் அந்த மாற்றத்தைக் கம்பைலரும் ஏற்றுக்கொண்டது. மறுபடி கம்பைல் செய்தபோது அதே பிழை அதே வரியில் நின்றது. பழைய இடைக்கோப்புகள் மிஞ்சிவிட்டன போலும் என்று ஐயப்பட்டு எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து கட்டினேன். நான் திருத்தியது வேறு கோப்பை என்பது ஒரு மணிநேரம் கழித்துத்தான் புலப்பட்டது. அந்த எடிட்டரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அது தன் விதிப்படி பிசகாமல்தான் நடந்தது. அந்த விதி எனக்குத் தெரியவில்லை, திரையிலும் அது தெரியவில்லை என்பதுதான் என் குறை.

இந்தக் கேள்விக்கு மூன்று விதமான விடைகள் நடைமுறையில் உள்ளன. கடைசியாகப் பயன்பட்ட பட்டியலே உரியது என்பது ஒன்று. திரையில் இப்போது தெரிகிற பட்டியலே உரியது என்பது மற்றொன்று. கர்சர் நிற்கும் பஃபருக்குச் சொந்தமாக ஒரு பட்டியல் இருந்தால் அதற்கே முதலிடம் என்பது மூன்றாவது. இம்மூன்றில் ஒவ்வொன்றும் தனியே எடுத்துக்கொண்டால் நியாயமாகத்தான் தோன்றுகிறது. சேர்த்துக் கலந்து, ஒன்று பலிக்காவிட்டால் இன்னொன்று என்று அடுக்கும்போதுதான் பயனரால் முன்கூட்டி அறிய முடியாத ஒரு விதி உருவாகிறது.

ஈமாக்ஸின் நிலைப்பாடு அடிப்படையில் முதல் வகை. ஒரு கம்பைல் அல்லது கிரெப் தொடங்கப்படும்போதோ, நெக்ஸ்ட்-எரர் ஒரு பஃபரைப் பயன்படுத்தும்போதோ அந்த பஃபர் 'மிக அண்மையது' ஆகிறது. அதன்பின் அதுவே உரியது. குறிப்பிட்ட ஒரு பஃபரைத்தான் பயன்படுத்த வேண்டும் என்றால், சட்டகத்தில் (எடிட்டரின் தனிப் பெருஞ்சாளரத்தில்) அது ஒன்று மட்டும் தெரியும்படி வைத்துக்கொண்டு அங்கிருந்து விசையை அழுத்துமாறு அதன் கையேடு வழி சொல்கிறது. சாளரம் இரண்டாகப் பிரிந்திருந்தால் ஒரு விளைவு, பிரியாதிருந்தால் வேறொரு விளைவு. இந்த விதியைப் பல ஆண்டு பயன்படுத்தியவர்களிடம் கேட்டுப் பார்த்திருக்கிறேன். விரல்களுக்கு அது பழகியிருக்கிறது, வாயால் சொல்ல எவருக்கும் வரவில்லை. 2020இல் வெளியான 27.1 பதிப்பில் 'நெக்ஸ்ட்-எரர்-செலக்ட்-பஃபர்' என்ற கட்டளையும், பட்டியலைத் தேடும் முறையையே பயனர் மாற்றிக்கொள்வதற்கான ஒரு தெரிவும் சேர்ந்தன. முதலாவதை முழு மனதோடு வரவேற்கிறேன், ஏனெனில் அதில் பயனர் வாய்திறந்து 'இதுதான்' என்று சொல்கிறார். இரண்டாவதைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. வடிவமைப்போர் தமக்குள் முடிவு காண முடியாத ஒன்றைத் தெரிவாக்கிப் பயனரின் தலையில் வைக்கும் வழக்கம் நம்மிடையே சற்று அதிகம். அத்தெரிவு இருப்பதை அறிந்தவர்களுக்கே அதனால் பயன், எதையும் மாற்றாத இயல்பிருப்பில் வாழும் ஏனையோருக்குப் பழைய குழப்பமே மிஞ்சும்.

விம் வேறு வழியில் சென்றது. குவிக்ஃபிக்ஸ் பட்டியல் முழு எடிட்டருக்கும் பொது. 2006இல் வந்த 7.0 பதிப்பிலிருந்து சாளரத்துக்கு ஒன்றாக 'லொகேஷன் லிஸ்ட்' என்பதும் உண்டு. முன்னதில் நடக்க 'சிநெக்ஸ்ட்', பின்னதில் நடக்க 'எல்நெக்ஸ்ட்' என்று கட்டளைகளே தனித்தனி. ஆகவே எந்தப் பட்டியலில் நடக்கிறோம் என்பது அழுத்தும்போதே தீர்மானமாகிவிடுகிறது. எடிட்டர் ஊகிப்பதற்கு ஒன்றுமில்லை. இன்னொரு நற்செயலும் அங்குண்டு. புதிய பட்டியல் வந்தால் பழையது அழிவதில்லை. அண்மைப் பட்டியல்கள் பத்துவரை அடுக்கில் இருக்கும். 'சிஓல்டர்' என்றால் முந்தையதற்கு, 'சிநியூவர்' என்றால் பிந்தையதற்கு. நான் மேலே சொன்ன 14 பிழைக் கதைக்கு இதைவிட நேரான மருந்து இல்லை: கிரெப் முடிந்ததா, ஒருமுறை பின்னே போ, பட்டியலோடு அதில் நின்ற இடமும் திரும்பக் கிடைக்கும்.

விஷுவல் ஸ்டூடியோ கோட் எடிட்டரும் விசைகளைப் பிரித்தே வைத்திருக்கிறது. எஃப்8 அழுத்தினால் கோப்புகளினூடே அடுத்த சிக்கலுக்கு, எஃப்4 அழுத்தினால் அடுத்த தேடல் முடிவுக்கு. பிரித்து வைப்பதில் உள்ள நேர்மை எனக்குப் பிடிக்கிறது. ஆனால் இவ்வழியே போய்க்கொண்டிருந்தால் டிஃப்புக்கு ஒன்று, சோதனைத் தோல்விகளுக்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று என விசைகள் பெருகும். ஒற்றைக் கட்டளையில் எல்லாவற்றையும் நடந்த பொதுமையின் அழகு போய்விடும். எங்கே பிரிப்பது, எங்கே சேர்ப்பது என்பதற்கு ஓர் அளவுகோல் வேண்டும்.

என் கருத்தில் அந்த அளவுகோல், பட்டியலைப் பயனர் கேட்டு வாங்கினாரா, அது தானாக வந்ததா என்பதே. கம்பைல் செய், தேடு, சோதனைகளை ஓட்டு என்று நான் சொல்லி வந்த பட்டியல் ஒரு வேலைத்திட்டம் போன்றது. அதற்குத் தொடக்கமும் முடிவும் உண்டு, நான் அதில் ஓரிடத்தில் நிற்கிறேன். நான் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போதே பின்னால் ஓடும் சரிபார்ப்பி அடிக்கோடிட்டுக் காட்டும் பிழைகளோ வேறு இனம். அவை எழுத்துக்கு எழுத்து தோன்றி மறைகின்றன. அவற்றில் 'நான்காவது' என்பதற்கு நிலையான பொருளே கிடையாது. கர்சருக்குக் கீழே அருகில் எது என்று கேட்பதுதான் அங்கே பொருத்தம். எடிட்டரும், நிரல்மொழியை அறிந்து பின்னணியில் பிழை காணும் சேவையகமும் பேசிக்கொள்வதற்காக 2016இல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட மொழிச்சேவையக நெறிமுறையில் பிழைகளைச் சேவையகம் தானே எடிட்டருக்கு அனுப்பும் 'பப்ளிஷ் டயக்னாஸ்டிக்ஸ்' என்ற அறிவிப்பு வந்தபின், இவ்வகைப் பிழைகள் இல்லாத பஃபரே அரிதாகிவிட்டது. ஆகையால் இந்த இரண்டு இனங்களுக்கும் தனித்தனி விசை வேண்டும். முதல் இனத்துக்குள் எத்தனை வகை இருந்தாலும் ஒரே விசை போதும்.

இதைப் பிரிக்காமல் விட்டால் நேர்வதை ஒருமுறை நடந்து பாருங்கள். கிரெப் பட்டியலில் நடந்துகொண்டே ஒரு கோப்புக்கு வருகிறேன். அக்கோப்பின் பஃபரில் தானியங்கிச் சரிபார்ப்பி தனக்கென ஒரு 'அடுத்தது' வைத்திருக்கிறது. 'கர்சர் நிற்கும் பஃபருக்கு முதலிடம்' என்ற விதி எடிட்டரில் இருந்தால், மறுமுறை விசையை அழுத்தியவுடன் நான் அந்தக் கோப்புக்குள்ளேயே நிரலின் எழுத்துநடை பற்றிய ஏதோ ஒரு குறிப்புக்கு இழுக்கப்படுகிறேன். கிரெப் சங்கிலி அறுந்துவிட்டது. வந்து சேர்ந்ததே சங்கிலியை அறுக்கக் காரணமாகிறது. எந்தெந்தக் கோப்பில் சரிபார்ப்பி இயங்குகிறது என்பதைப் பொறுத்து, ஒரே பட்டியல் சில இடங்களில் ஒழுங்காக நடக்கும், சில இடங்களில் அறுபடும். பயனருக்கு இது பேய்விளையாட்டாகத்தான் தெரியும்.

பட்டியல் உரிமையை, அதாவது 'அடுத்தது' தருவது எந்தப் பட்டியல் என்பதை, பஃபருக்கு பஃபர் நினைவில் வைப்பதிலும் இதே வகை இடறல் உண்டு. ஒரு கோப்புக்கு நேற்று கம்பைலர் பட்டியல் வழியாக வந்திருப்பேன். அந்த நினைவு அதில் ஒட்டியிருக்கும். இன்று கிரெப் வழியாக அதே கோப்புக்கு வரும்போது, நேற்றைய நினைவு வெல்ல வேண்டுமா, இன்றைய பயணம் வெல்ல வேண்டுமா? பயணம்தான் வெல்ல வேண்டும் என்பதில் எனக்கு ஐயமில்லை. பஃபருக்கென நினைவு வைப்பதாக இருந்தால், ஒரு பட்டியல் வழியாக வந்து சேரும் ஒவ்வொரு முறையும் அந்த நினைவு புதுப்பிக்கப்பட வேண்டும். இல்லையெனில் அந்த நினைவே வேண்டாம்.

இனி, உரிமை எப்போது கைமாறலாம் என்பதற்கு வருகிறேன். மடலின் மையம் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்ல வேண்டியுள்ளது. பயனர் கட்டளையிட்டுத் தொடங்கிய புதிய பட்டியல் உரிமையை எடுத்துக்கொள்ளலாம், அது எதிர்பார்க்கத்தக்கது. பட்டியல் பஃபருக்குள் சென்று ஒரு வரியைத் தேர்ந்தால் அப்போதும் உரிமை அதற்குப் போகலாம். அதைவிடத் தெளிவான சைகை கிடையாது. இவ்விரண்டைத் தவிர வேறெந்த நிகழ்வும் உரிமையை மாற்றக் கூடாது. கோப்பைச் சேமிக்கும்போது தானாக ஓடும் கம்பைல், பின்னணியில் புதுப்பிக்கப்படும் சோதனை முடிவு, வேறொரு நீட்சி தன் வேலைக்காக மறைவில் நடத்திய தேடல், ஒரு சாளரம் மூடப்பட்டது, இன்னொன்று பிரிந்தது ஆகிய எதுவும் உரிமையைத் தொடவே கூடாது. குறிப்பாகச் சாளரங்களின் நிலையைப் பார்த்து ஊகிப்பதைக் கைவிடுமாறு வேண்டுகிறேன். திரையில் தெரிவது பயனரின் நோக்கத்துக்குச் சான்றன்று. நான் ஒரு பட்டியலை வெறுமனே படிப்பதற்காகவும் திறந்து வைப்பேன். இதில் ஒரு விதிவிலக்கை மட்டும் ஏற்பேன்: ஒரே எடிட்டரில் இரு சட்டகங்களைத் திறந்து, ஒவ்வொன்றிலும் ஒரு திட்டப்பணியை நடத்துவோர் உள்ளனர், அவர்களுக்காகச் சட்டகத்துக்கு ஒன்றாகப் பட்டியல் உரிமையை வைத்துக்கொள்வது நியாயம்.

உரிமை கைமாறினால் பழையது அடுக்கில் இருக்கட்டும். இப்போதைய பட்டியலின் பஃபரை மூடினால், அடுக்கில் அதற்கு முன்பிருந்தது தானே மேலே வரட்டும்; கையில் கிடைத்த ஏதோ ஒரு பட்டியலைத் தேடிப் பிடிக்கும் வேலை வேண்டாம். அடுக்கில் ஒன்றுமே இல்லையென்றால் 'பட்டியல் எதுவும் இல்லை' என்று சொல்லி நிற்பதே மரியாதை. ஏதேனும் செய்து காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தில் மூன்று நாள் பழைய தேடல் ஒன்றைத் தோண்டியெடுத்து அதற்குள் எங்களை இறக்கிவிடும் எடிட்டர்களை நான் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஒவ்வொரு முறை தாவிய பின்னும், சாளரத்தின் அடியிலுள்ள நிலைவரியில் ஒரு சிறு குறிப்பு தோன்ற வேண்டும்: எந்தப் பட்டியல், எத்தனையில் எத்தனையாவது. 'கிரெப்: 30இல் 3' என்று காட்டியிருந்தால் என் ஒரு மணிநேரம் மிஞ்சியிருக்கும். உரையை ஒலியாக வாசிக்கும் திரைப்படிப்பானை நம்பி வேலை செய்யும் நிரலாளர்களுக்கு இது வசதிக்கும் மேற்பட்டது. பக்கத்துச் சாளரத்தில் அம்புக்குறி நகர்வதைக் கண்டு தெரிந்துகொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு இல்லை.

நீட்சி எழுதுவோரிடம் தனியாக ஒரு வேண்டுகோள் உண்டு. ஈமாக்ஸ் 'நெக்ஸ்ட்-எரர்-ஃபங்க்ஷன்' செயற்கூற்றோடு வைத்துக்கொள்ளும் ஒப்பந்தம் இரண்டே அளபுருக்கள் கொண்டது: எத்தனை அடி நகர வேண்டும், தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டுமா. இவ்வளவு சிறிதாக இருந்ததால்தான் இத்தனை பேர் அதைப் பின்பற்றினார்கள். அந்தச் சிறுமையை நான் மதிக்கிறேன். ஆயினும் பட்டியலின் பெயர், மொத்த எண்ணிக்கை, நிற்கும் இடம், பட்டியல் இன்னும் வளர்கிறதா முடிந்ததா என்ற செய்திகளை அது கேட்பதில்லை. கேட்காததால் எவரும் தருவதில்லை. தராததால் எடிட்டரால் காட்ட முடிவதில்லை. இவற்றை விருப்பக் கூறுகளாகவாவது சேருங்கள். தானாக வரும் பிழைகளைக் காட்டும் நீட்சிகளோ, பொது விசையின் உரிமையை இயல்பிருப்பில் கோராமல் தம் சொந்தக் கட்டளைகளோடு நின்றுகொள்வது நல்லது. வேண்டுவோர் தாமே இணைத்துக்கொள்வார்கள்.

பட்டியலில் உள்ள இடம் கோப்பில் எங்கே என்பது அடுத்த சிக்கல். கம்பைலர் '120ஆவது வரி' என்றது. நான் 40ஆவது வரியில் இரண்டு வரி சேர்த்துவிட்டேன். இப்போது அந்தப் பிழை 122இல் இருக்கிறது. ஈமாக்ஸ் இதற்கு மார்க்கர் எனப்படும் நகரும் குறிகளை வைக்கிறது. ஒரு கோப்பை முதன்முறை திறக்கும்போதே அக்கோப்பிலுள்ள பிழைகள் அனைத்துக்கும் குறி இட்டுவிடுவதால், அதன்பின் செய்யும் திருத்தங்கள் வரி எண்களைக் குலைப்பதில்லை. ஒவ்வொரு பிழைக்கும் போகும்போது அதற்கு மட்டும் குறி வைக்கும் சோம்பேறிச் செயலாக்கங்கள் இங்கே தோற்கும். ஆனால் எடிட்டருக்கு வெளியே கோப்பு மாறினால், உதாரணமாக நிரலின் வேறொரு கிளைக்கு (இணையாக வளரும் இன்னொரு வடிவத்துக்கு) தாவினால், குறியும் உதவாது. நிரலில் பெயர்கள் வரையறுக்கப்பட்ட இடங்களைப் பட்டியலிடும் சிடேக்ஸ் கருவி இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது: வரி எண்ணை நம்பாமல், அந்த வரியின் உரையையே தேடல் வடிவமாகத் தன் கோப்பில் எழுதி வைத்தது. கிரெப் தன் வெளியீட்டில் வரியின் உரையைத் தருகிறது. ஜிசிசி கம்பைலரும் 4.8 பதிப்பிலிருந்து பிழையுள்ள வரியை அச்சிட்டு அதன்கீழ்க் குறியிட்டுக் காட்டுகிறது. உரை கையில் இருக்கும்போது, போய்ச் சேர்ந்த வரி அதனோடு ஒத்திருக்கிறதா என்று ஒப்பிட்டு, இல்லையேல் மேலும் கீழும் சில வரிகள் தேடி, அப்படியும் கிடைக்காவிட்டால் 'இந்த இடம் மாறியிருக்கலாம்' என்று சொல்வதற்கு எந்தத் தடையும் இல்லை.

வரிக்குள் எத்தனையாவது இடம் என்பது இன்னும் வழுக்கலானது. ஆங்கில எழுத்துகள் மட்டும் உள்ள வரிகளில் இது யாருக்கும் தெரிவதில்லை. தமிழ்ச் சரம் ஒன்று வரியில் வந்தவுடன் தெரியும். 'தமிழ்' என்ற சொல் வாசிப்பவருக்கு மூன்று எழுத்து. யூனிகோடு குறிகளாக ஐந்து. கோப்பில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையின் பைட்டுகளாக 15. அச்சொல்லுக்குப் பின்னால் உள்ள பிழையின் இட எண், எண்ணுபவர் எதை எண்ணினார் என்பதைப் பொறுத்து மூன்று விதமாக வரும். ஜிசிசி 11ஆம் பதிப்பிலிருந்து இயல்பாகத் திரையில் தெரியும் அகலத்தைக் கணக்கிடுகிறது. பைட்டுகளாக வேண்டுமென்றால் அதற்கெனத் தெரிவு உண்டு. ஜிஎன்யூ மென்பொருள் திட்டத்தின் நெறிகள் இடங்களை 1இலிருந்து எண்ணச் சொல்கின்றன, மொழிச்சேவையக நெறிமுறை 0இலிருந்து எண்ணுகிறது, அதுவும் யூடிஎஃப்-16 என்ற மற்றொரு சேமிப்பு முறையின் அலகுகளில், 3.17 பதிப்பிலிருந்து வேறு அலகை இரு தரப்பும் பேசி முடிவு செய்துகொள்ளலாம். யூடிஎஃப்-16இல் நம் வழக்கமான தமிழ்க் குறி ஒவ்வொன்றும் ஓர் அலகுதான் என்பதால் தப்பித்துக்கொள்கிறோம். 2019இல் யூனிகோடு 12.0 சேர்த்த பழைய தமிழ்ப் பின்னக் குறிகளை யாரேனும் நிரலில் எழுதினால் அவை ஒவ்வொன்றும் இரண்டு அலகு கொள்ளும். இதை ஒரே விதியால் தீர்க்க முடியாது. ஒவ்வொரு பட்டியலும் தன் இட எண் எந்த அலகில் உள்ளது என்பதைத் தன்னோடு சுமந்து வரட்டும்; முழு எடிட்டருக்கும் ஒரே மாறியில் அதை வைத்தால், இரு வேறு கருவிகளின் பட்டியல்கள் ஒரே நேரத்தில் திறந்திருக்கும்போது ஒன்றாவது தவறாகவே இருக்கும்.

பட்டியலின் முடிவில் என்ன செய்வது என்பதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. விம் முடிவில் நின்று 'இனி இல்லை' என்று பிழை காட்டுகிறது. ஈமாக்ஸும் கடைசியைத் தாண்டிவிட்டதாகச் சொல்லி நிற்கிறது. இதுவே சரி. சத்தமில்லாமல் முதலாவதற்குச் சுற்றிவிடும் எடிட்டரில், எல்லாவற்றையும் பார்த்து முடித்துவிட்டேன் என்ற அறிவே பயனருக்குக் கிடைப்பதில்லை. கம்பைல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தால் செய்தி வேறாக இருக்க வேண்டும்: இதுவரை வந்தவை முடிந்தன, மேலும் வரலாம் என்று. தானாக வரும் பிழைகளுக்கு மட்டும் சுற்றுவது பொருந்தும், அங்கே முடிவு என்று ஒன்று இல்லாததால்.

எச்சரிக்கைகளையும் குறிப்புகளையும் தாண்டிச் செல்வதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. ஈமாக்ஸின் இயல்பிருப்பு எச்சரிக்கைக்கும் கீழான தகவல்களைத் தாண்டுகிறது, போதுமானது. தாண்டியவற்றின் எண்ணிக்கையை நிலைவரியில் சேர்த்துக் காட்டினால் இன்னும் நன்று. அதேபோல், தாவல் எந்தச் சாளரத்தில் நிகழ்ந்தாலும் சரி, பட்டியல் தெரிந்துகொண்டிருந்த சாளரத்தை மட்டும் அது விழுங்காதிருக்கட்டும்.

கர்சர் நிற்கும் இடத்தைக் கணக்கில் எடுக்கலாமா என்று கேட்பீர்கள். பட்டியலில் நான்காவதில் நின்றவர் கோப்புக்குள் 200 வரி கீழே நகர்ந்துவிட்டால், 'அடுத்தது' என்பது ஐந்தாவதா, கர்சருக்குக் கீழே உள்ள ஏழாவதா? பொது விசைக்கு ஐந்தாவதுதான் விடை. பயனர் உலாவியதால் பட்டியலில் அவர் நின்ற இடம் மாறிவிடக் கூடாது. ஏழாவது வேண்டுமென்றால் அதற்கு வேறு கட்டளை இருக்கட்டும். விம்மில் 'சிபிலோ', 'சிஅபவ்' என்ற பெயர்களில் அப்படி இருக்கின்றன.

நடைமுறைக்கு ஒன்று கேட்கிறேன். உங்கள் தானியங்கிச் சோதனைத் தொகுதியில் கீழ்க்காணும் விசைத்தொடரை ஒரு சோதனையாக எழுதிச் சேருங்கள். இரு கோப்புகளில் பரவிய பிழைகளுடன் ஒரு கம்பைல். இரண்டு முறை 'அடுத்தது'. அங்கிருந்து ஒரு கிரெப். அதில் இரண்டு முறை 'அடுத்தது', அதுவும் தானியங்கிச் சரிபார்ப்பி இயங்கும் ஒரு கோப்பில் வந்து நிற்கும்படி. பிறகு சாளரத்தை இரண்டாகப் பிரித்து, கோப்பைச் சேமித்து, பின்னணிச் சோதனை ஒன்றை ஓடவிட்டு, மீண்டும் 'அடுத்தது'. அது கிரெப்பின் மூன்றாவது வரியாக இருக்க வேண்டும். கிரெப் பஃபரை மூடிவிட்டு மறுபடி 'அடுத்தது'. அது கம்பைலரின் மூன்றாவது பிழையாக, மேலே வரிகள் சேர்க்கப்பட்டிருந்தாலும் அந்தப் பிழையின் உண்மையான வரியில் இருக்க வேண்டும். நான் நாள்தோறும் பயன்படுத்தும் எடிட்டர்களில் இதைக் கையால் செய்து பார்த்தேன். முழுத் தொடரையும் எதுவும் கடக்கவில்லை. உங்களுடையது எந்தப் படியில் பிசகுகிறது என்று கண்டு, அந்தப் படியில் அது எந்த விதியைப் பின்பற்றியது என்பதை உங்கள் கையேட்டில் அந்தக் கட்டளையின் பெயருக்குக் கீழே எழுதி வையுங்கள். திருத்தம் பிறகு வந்தாலும் பரவாயில்லை.

இப்படிக்கு,
உங்கள் எடிட்டர்களில் நாள் முழுதும் வேலை செய்யும் ஒரு நிரலாளர்